பூனைக்குட்டியின் சப்பாத்து

பனிவீதியில் தூவும் உப்பின் கறை படிந்த குளிர்காலச் சப்பாத்து எந்தக் கதவோரம் கிடந்தாலும் எனக்கு அண்ணையின் ஞாபகம் வரும். அவர் என் உடன்பிறந்தவர் அல்லர். இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே அறையில் குடியிருந்தோம். என்னைவிடச் சற்று மூத்தவர் என்பதால் அப்படி அழைக்கத் தொடங்கினேன். அவருடைய சப்பாத்தை யாரோ தானமாகக் கொடுத்திருந்தார்கள். அவருக்கு அது பெரியது. வீதியில் சப்பாத்து முன்னால் போக அவர் பின்னால் போவது போலிருக்கும்.

நான் அப்போது ஒரு வழக்கறிஞரிடம் உதவியாளனாக இருந்தேன். பிறகு அரசாங்க வேலைக்குப் போய், பிறருக்கு விதிமுறைகளை ஞாபகப்படுத்தியே ஓய்வுபெற்றேன். விதி என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் அதை வாசித்து முடிக்காமல் எனக்கு நித்திரை வராது. ஆகவே அண்ணையின் அகதி விசாரணைக்கு நாள் குறித்தபோது, அவரைத் தயார்செய்யும் பொறுப்பை யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்டேன். அவருடைய மனைவியும் இரண்டு மகள்மாரும் வவுனியாவில் உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் அவர்களை ஸ்பொன்சர் செய்து இங்கே கூப்பிடலாம். மறுக்கப்பட்டால் அவரையே ஊருக்குத் திருப்பி விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்.

குசினி மேசையில் நான் அதிகாரியாக அமர்ந்து கேள்வி கேட்பேன். சோதனைச்சாவடியை எப்படிக் கடந்தீர்கள்? "முருகன் கடத்திவிட்டவர்" என்பார்.

"அண்ணை, முருகனைச் சாட்சிக்கு ஏத்தேலாது. ஆர் மறிச்சது, ஏன் விட்டவங்கள், அதைச் சொல்லுங்கோ."

"தம்பி, நீர் குரங்குக்குட்டி. தாயை நீர்தான் இறுக்கிப் பிடிக்க வேணும். நான் பூனைக்குட்டி. கவ்விக்கொண்டு போறது தாயின்ர வேலை."

"பூனைக்குட்டி எண்டாலும் அண்டைக்கு விடியவே குளிச்சு வெளிக்கிட்டு நிக்க வேணும், சொல்லிப்போட்டன்."

சிரிப்பார். ஆனால் ஓரிடத்தில் மட்டும் சிரிப்பும் பேச்சும் நின்றுவிடும். பக்கத்தில் நின்ற அவருடைய சொந்தத் தம்பியை ஆமிக்காரர் இழுத்துக்கொண்டு போன இடம் அது. எத்தனை முறை பழக்கியும் அங்கே வந்தால் குரல் அடைத்துவிடும். அந்த மௌனத்தைப் பொய் என்று அதிகாரி எடுத்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது. அதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை.

விசாரணை நாளில் நல்ல பனி. எங்கே இருப்பது, யாரைப் பார்த்துப் பேசுவது, "ஓம்" என்பதற்கு நம்மூர் மாதிரித் தலையை இருபக்கமும் ஆட்டக்கூடாது என்பதுவரை சொல்லியிருந்தேன். சப்பாத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. யாருக்குத் தோன்றும்? விசாரணை அறை வாசலில் குனிந்து இரண்டையும் கழற்றிச் சுவரோரம் ஒட்டிவைத்துவிட்டு, கிழிந்த காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்க, உள்ளே நடந்தார். "அண்ணை, போடுங்கோ!" என்று நான் கிசுகிசுப்பதற்குள் அதிகாரி வந்துவிட்டார். அந்த அம்மையார் கால்களைப் பார்த்தார். ஏன் என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அவரையே பார்த்து அண்ணை சொன்னார்: "அம்மா, என்ர மனிசி பிள்ளையளின்ர சீவியத்தை இண்டைக்கு இதுக்குள்ளதான் தீர்க்கப்போறியள். முருகன் இல்லாத இடமா இது? சப்பாத்தோட வர மனம் வரேல்லை."

பின்னால் பார்வையாளராக இருந்த என்னைக் காட்டி, இவர் யார் என்று அடுத்த கேள்வி வந்தது.

"அவரும் முருகன் அனுப்பின ஆள்தான். முருகனுக்கு இங்கிலிஷ் காணாது."

நான் முருகனின் ஊழியத்தில் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அங்கிருந்து ஓய்வூதியம் எதுவும் இதுவரை வரவில்லை.

பிறகு தம்பியைப் பற்றிக் கேட்டார்கள். பார்வையாளர் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. நான் கற்றுக்கொடுத்த அத்தனையும் அந்த அறையில் இருந்தும், ஒரு சொல்லை எடுத்துக்கொடுக்க என்னால் முடியாது. அண்ணை கண்களை மூடினார். உதடுகள் மெல்ல அசைந்தன. பிறகு பேசினார். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, குரல் ஓரிடத்திலும் அடைக்கவில்லை. அதில் ஒரு வாக்கியம்கூட நான் சொல்லிக்கொடுத்தது அல்ல.

ஏற்றுக்கொண்டார்கள். குடும்பம் வந்தது. மில்லிக்கனில் வீடு வாங்கினார்கள். அங்கே போகும்போதெல்லாம் நாங்கள் பழைய வழக்கை மறுபடி எடுப்போம். சான்றுகளை ஒழுங்காக வைத்ததால் வென்றோம் என்பேன் நான். "ஓம் ஓம், மரத்தை வளர்த்ததே தான்தானெண்டு குரங்கு சொல்லுமாம்" என்பார். போன இலையுதிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். கடைசிச் சொல்லும் அவருடையதாகவே நின்றுவிட்டதில் எனக்கு மனத்தாங்கல்தான்.

பனிக்காலம் தொடங்கியதும் எனக்கு இருதய அறுவைச் சிகிச்சை என்றார்கள். வழக்கம்போல் எல்லாவற்றையும் வாசித்தேன். சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டேன். நான் என்ன செய்யவேண்டும் என்பது கடைசிக் கேள்வி. "ஒன்றும் இல்லை. நீங்கள் மயக்கத்தில் இருப்பீர்கள்" என்றார் அவர். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சுருக்கமான விதிமுறை அதுதான்.

சிகிச்சை நாளன்று காலை ரூஜில் இருக்கும் வீட்டிலிருந்து மகள் காரில் கூட்டிச்சென்றாள். சிகிச்சைப் பிரிவின் வாசலில் குனிந்தேன்.

"அப்பா, இங்க ஷூ கழட்டத் தேவையில்ல. நோ நீட்."

"தெரியும், பிள்ளை" என்றேன். அந்த ஆஸ்பத்திரியின் நடைமுறை அத்தனையும் எனக்குத் தெரியும். கழற்றி, இரண்டையும் சுவரோரம் ஒட்டிவைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே போனேன்.