முள்ளுக்காரரின் சிவப்பு நாடா

“ரோட்டைப் பாருங்க. என்னைப் பாக்காதீங்க” என்று சொல்லிவிட்டு முள்ளுக்காரர் என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் அவருடைய பட்டறைக்குள் நிற்கிறது. எதிரே இருப்பது ரோடு அல்ல, சுவர். அதில் போன வருடத்துக் காலண்டர் தொங்கியது. நானும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சிரத்தையாகக் காலண்டரை நோக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன். “இப்ப பூஸ்ட் எவ்வளவுன்னு பாருங்க!” என்றார் திடீரென்று. என் கண் எங்கே தாவியதோ அந்த இடத்தில், வட்டமாக வெட்டிய அட்டை ஒன்றைப் பசை தடவி ஒட்டினார்.

டர்போ காரில் எஞ்சினுக்குள் அழுத்தித் தள்ளப்படும் காற்றின் அளவுதான் பூஸ்ட்; அதைக் காட்டும் மீட்டர் வாங்க வருகிறவர்களுக்கு அவர் முதலில் கொடுப்பது இந்த அட்டைதான். அதோடு ஒரு வாரம் ஓட்ட வேண்டும். “இல்லாத மீட்டரைப் பாக்கப் பழகுங்க. அப்புறம் இருக்கிற மீட்டரை மாட்டித் தரேன்” என்பார். அலுவலகத்தில் கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் எட்டிப் பார்த்து, “வீட்டுல குழந்தைங்க ஒட்டினதா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். எனக்குக் குழந்தைகள் கிடையாது.

கட்டை குட்டையான மனிதர். முள் வைத்த மீட்டரையே மாட்டித் தருவதால் முள்ளுக்காரர் என்று பெயர். இடது மணிக்கட்டில் வளையல் மாதிரி ஒரு சிவப்பு நாடாச் சுருள் எப்போதும் இருக்கும். எந்த மீட்டரை மாட்டினாலும், முள் தாண்டக் கூடாத இடத்தில் கண்ணாடி மேல் நகத்தளவு சிவப்பு ஒட்டினால்தான் அவருக்கு வேலை முடிந்ததாக அர்த்தம். பட்டறையில் காற்றடிக்கும் பம்புக்கும் சிவப்பு உண்டு, வெந்நீர்க் கலனுக்கும் உண்டு. சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணிக்கு ஒட்டியிருக்கிறார். கேட்டால், “அதுக்கு மேல வீட்டுக்குப் போகலைன்னா எனக்கு ஆபத்து” என்கிறார்.

நான் ஆசைப்பட்டுப் போனது ஏழு நிறத்தில் மின்னுகிற பூஸ்ட் மீட்டருக்கு. “ஏழுல எது நல்ல கலர்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. “உங்களுக்கே தெரியலை. எஞ்சின் போகப் போகுதுன்னு அது பச்சையா சொல்லுமா, ஊதாவா சொல்லுமா? பேசாம முள்ளு வச்சதை வாங்குங்க. எல்லாம் நல்லா இருந்தா முள்ளு நேரா நிக்கற மாதிரி திருப்பி மாட்டிடுவேன். நம்பரெல்லாம் படிச்சிட்டிருந்தா யார் ரோட்டைப் பாக்கறது?”

பூஸ்ட் ஒன்று போதும், இன்னொன்று எதற்கு என்று நான் முரண்டு பிடித்தபோதுதான் மேஜையிலிருந்த பிஸ்டனை எடுத்தார். அதன் தலையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. உருகி விழுந்த ஓட்டை. அதன் வழியே என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “இது என் வண்டியோடது. பூஸ்ட் முள்ளு அழகா ஏறுதேன்னு ரசிச்சுக்கிட்டே போனேன். காத்து வந்துச்சு, அதுக்கு ஏத்த பெட்ரோல் வரலை, சூடு ஏறி உருகிடுச்சு. எனக்கெதுக்கு இன்னொரு மீட்டர், சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடுவேன்னு திமிரு. கண்டுபிடிச்சேன். வெடிச்ச சத்தத்தை வச்சு.”

பிறகு பொறுமையாக விளக்கினார். பூஸ்ட் மீட்டர் எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று மட்டும் சொல்லும். அந்தக் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்து எரிகிறதா என்று, புகைக்குழாயில் உட்கார்ந்து மோப்பம் பிடித்துச் சொல்வது இன்னொரு மீட்டர். “ஒண்ணு பெருமைக்கு, இன்னொண்ணு உயிருக்கு. ஒண்ணுதான் வாங்குவேன்னு அடம் பிடிச்சா ரெண்டாவதை வாங்குங்க.” நான் இரண்டையும் வாங்கினேன்.

மாட்டுவதற்குக் குறித்த சனிக்கிழமை, வேலைக்கு நடுவே டாஷ்போர்டின் அடியிலிருந்து எழுந்தவர், கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. போன வாரமும் இதே மாதிரி நின்றதைப் பார்த்திருந்தேன். “குனிஞ்சு எழுந்தா அப்படித்தான் சார்” என்றார். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அவ்வளவுதான், மனிதர் மறுபடி டாஷ்போர்டுக்கு அடியில் புகுந்துகொண்டார். கால்கள் மட்டும் வெளியே.

வந்தது அவர் மனைவி. பக்கத்துத் தெரு மருத்துவமனையில் நர்ஸ். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரமாக அலைகிறாராம்.

“ஏங்க, வெளிய வாங்க.”

“வேலையா இருக்கேன்மா.”

“கையை மட்டும் நீட்டுங்க. மத்ததெல்லாம் உள்ளயே இருக்கட்டும்.”

“எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். என் உடம்பு எனக்குத் தெரியாதா?”

அந்த அக்கா என் பக்கம் திரும்பினார். “இவங்க அண்ணனும் இதையேதான் சொன்னாரு தம்பி. ஒரு நாள் அப்படியே விழுந்துட்டாரு. இப்ப வலது கை வரலை, பேச்சும் குழறுது. கையை வச்சுப் பிழைக்கிற மனுசன் இவரு.” எனக்கு முள்ளுக்காரர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஊரான் எஞ்சினுக்கெல்லாம் இப்படி உருகுகிற மனிதர் தன் விஷயத்தில் ஒளிந்துகொள்கிறாரே என்று. பயமாகவும் இருந்தது. இந்த மூன்று வாரத்தில் அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

அக்கா மேஜைக்குப் போய் அந்தப் பிஸ்டனை எடுத்து வந்தார். காருக்கு அருகே மண்டியிட்டு, அதைக் கண்ணில் வைத்து, ஓட்டை வழியே தன் கணவரைப் பார்த்தார்.

உள்ளே ஸ்பேனர் சத்தம் நின்றது.

முள்ளுக்காரர் மெல்ல ஊர்ந்து வெளியே வந்தார். கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்து கைப்பையை எட்டிப் பார்த்தார்.

“முள்ளு வச்சதா, நம்பர் காட்டறதா?”

“முள்ளுதாங்க.”

“எது வரைக்கும் போகலாம்?”

“நூத்தி நாப்பது.”

அந்தக் கருவியின் வட்ட மீட்டரை வாங்கிச் சட்டையில் துடைத்தார். மணிக்கட்டிலிருந்த சுருளைக் கழற்றினார். பல்லால் ஒரு நகத்தளவு கடித்துக் கிழித்து, நூற்று நாற்பதுக்கு நேராக வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார். சுருளை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, மனைவியிடம் இடது கையை நீட்டினார்.