ரத்தப் பெட்டியும் நெட் இல்லாத மேப்பும்

ரத்தம் எடுக்கிற வேலையில் ஊசி குத்துவது இரண்டு நிமிஷம், மீதி நேரமெல்லாம் வீடு தேடுவதுதான். “பழைய நம்பர் பன்னிரண்டு, புது நம்பர் இருபத்தேழு, மளிகைக் கடைக்கு எதிரே” என்ற விலாசத்தை நம்பி வெயிலில் வண்டியை உருட்டியவர் யாராக இருந்தாலும் எனக்குக் கூடப்பிறந்தவர் மாதிரி.

நான் ஒரு லேபில் வேலை செய்கிறேன். வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு வர வேண்டும். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என் ஏரியா. என்னுடையது பழைய போன். நெட்டைப் போட்டால் தோசைக்கல் மாதிரி கொதித்து அணைந்துவிடும். அதனால் சாம்பிள் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, லேப் வைஃபையில் மேப்பை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்வேன். அப்புறம் நெட்டே வேண்டாம். நான் நிற்கிற இடத்தை ஒரு நீலப் புள்ளி காட்டும். போய் வந்த வீட்டுக்கெல்லாம் நானே ஒரு குறி போட்டு, பக்கத்தில் குறிப்பும் எழுதி வைப்பேன்.

ஊருக்கெல்லாம் வீடு தேடிப் போகிற என் வீட்டுக்கு எங்கள் லேப் வராது. ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்த எங்களை அரசாங்கம் ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்குமாடிகளில் வைத்துவிட்டது. “அங்கெல்லாம் அட்ரஸே கிடைக்காது” என்பது லேபின் பதில். என் மாமியாருக்குச் சர்க்கரை. டெஸ்ட் என்றால் வெறும் வயிற்றோடு இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர் வர வேண்டும். போன தடவை பஸ்ஸிலேயே மயங்கிச் சரிந்துவிட்டார். எனக்குக் கெட்ட கோபம். நேராக சூப்பர்வைசரிடம் சண்டைக்குப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: “ஒரு மாசம் உன்கிட்டேர்ந்து ‘வீடு கிடைக்கவில்லை’ன்னு ஒரு சீட்டு வரக்கூடாது. அப்புறம் உன் வீட்டுப் பக்கத்தைப் பத்திப் பேசுவோம்.”

நேராகப் போகவும்

வந்ததே சோதனை, முதல் வாரமே பங்குனித் தேர். மாட வீதி முழுக்கத் தடுப்பு. என் மேப்புக்குத் தேரும் தெரியாது, திருவிழாவும் தெரியாது. ‘நேராகப் போகவும்’ என்று ஒரே பிடிவாதம். நேராகப் போனால் தேர்ச் சக்கரம்தான்! வண்டியை ஓரங்கட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் இறங்கினேன். என் பெட்டியைப் பார்த்ததும் நாலைந்து பேர் டம்ளரை நீட்டினார்கள். நீர்மோராம்! “ஐயோ, இது ரத்தங்க” என்றேன். கூட்டம் தானாக விலகி வழி விட்டது. சாமிக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் வழி கிடைத்திருக்காது.

போய்ச் சேர்ந்தபோது மணி எட்டேகால். அந்த மாமி காலையிலிருந்து காபி குடிக்காமல் வாசலிலேயே நின்றிருந்தார். கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: “ஏம்மா, தேர் நம்மாத்து வாசலுக்கே வரது, நீ போனைப் பார்த்துண்டா வந்தே?”

பெயர் கேட்காமல் குத்தாதே

தி.நகரில் ஒரே பெயரில் இரண்டு அபார்ட்மென்ட் இருக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீலப் புள்ளி காட்டிய கட்டடத்தில், சொன்ன மாடியில், சொன்ன நம்பர் கதவைத் தட்டினேன். “லேபா? வாம்மா” என்று ஒரு பெரியவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். ரப்பரைக் கையில் கட்டிவிட்டேன். ஊசி குத்துவதற்கு முன் பேஷன்டே தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சட்டம். கேட்டேன். “சுந்தரம்” என்றார். என் சீட்டிலோ ராமநாதன்!

எடுத்த ஊசியை அப்படியே மூடினேன். அவர் வேறு லேபுக்குச் சொல்லிவிட்டு அவர்களுக்காகக் காத்திருந்திருக்கிறார். என் ராமநாதன் அடுத்த தெருவில், அதே பெயர் கொண்ட இன்னொரு கட்டடத்தில். மன்னிப்புக் கேட்டு ரப்பரை அவிழ்த்தேன். சுந்தரம் சார் கையை இழுத்துக்கொள்ளவே இல்லை. “எந்த லேபா இருந்தா என்னம்மா? நீயே குத்திட்டுப் போ, நான் காபி குடிக்கணும்” என்றார்.

குறிப்பு

அடையாறில் ஒரு வீடு. ரத்தம் எடுத்துவிட்டு அடுத்த வீட்டைத் தேட மேப்பைத் திறந்தேன். வீட்டுக்கார சார் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் வீட்டுக்குப் போன தடவை நான் போட்டிருந்த குறிப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார்: ‘நாய் கடிக்கும். சார் கத்துவார்.’ பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “நாய் கடிக்காதும்மா. அதை மட்டும் மாத்திடு.”

கடலில் நிற்கிறேன்

இருபத்தெட்டாம் நாள். கடற்கரையோரம் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்கிற கஸ்தூரி அக்காவுக்கு மறுநாள் ஆபரேஷன். அன்றைக்கே ரிசல்ட் போயாக வேண்டும். வீடு அடுக்குமாடி பிளாக்கில், மூன்றாவது படிக்கட்டு என்று சொல்லியிருந்தார்கள். எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி பிளாக், ஒரே மாதிரி படிக்கட்டு. மேப்பில் அந்த இடம் வெறும் சாம்பல் நிறம். போதாததற்கு நீலப் புள்ளி வேறு என்னைக் கடலுக்குள் நிறுத்தியிருந்தது. நாற்பது நிமிஷம் சுற்றினேன். ‘வீடு கிடைக்கவில்லை’ சீட்டைக் கையில் எடுத்தும்விட்டேன். மாமியார் பஸ்ஸில் சரிந்தது கண்ணுக்குள் வந்தது. எழுத மனசு வரவில்லை.

கடைசியாக ஒரு தடவை அக்காவுக்குப் போன் அடித்து, “மேப்புல கடல்ல நிக்கிறேன்கா” என்றேன். அழுகை வந்துவிட்டது. போனிலும் என் முதுகுக்குப் பின்னாலும் ஒரே நேரத்தில் குரல் கேட்டது: “கடல்ல நிக்கறன்னா நாலு நண்டு புட்ச்சிகினு வா. இல்லாங்காட்டி திரும்பிப் பாரு, இங்கதான் கீறேன்!”

படிக்கட்டுக்குப் படிக்கட்டு

மாசம் முடிந்தது, ஒரு சீட்டும் இல்லை. ஆனால் சூப்பர்வைசர் லேசுப்பட்ட ஆளா? “உன் வீட்டை நீ கண்டுபிடிக்கிறது பெரிசில்லை. தெரியாத ஆள் கண்டுபிடிக்கணும். தினேஷை அனுப்பறேன். அவன் வந்து சேர்ந்துட்டா உங்க பக்கமும் நம்ம லிஸ்ட்ல. வழி கேட்டு அவன் போன் பண்ணக் கூடாது, நீயும் பண்ணக் கூடாது” என்றார். தினேஷ் எங்கள் லேபில் புதிதாகச் சேர்ந்த பையன். எங்கள் பக்கம் எட்டிப் பார்த்ததுகூட இல்லை.

எங்கள் இடமும் மேப்பில் வெறும் சாம்பல்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை மாமியாரையும் கூட்டிக்கொண்டு பிளாக் பிளாக்காக நடந்தேன். படிக்கட்டுக்குப் படிக்கட்டு குறி போட்டேன். ‘தண்ணி டேங்க் படிக்கட்டு’, ‘இட்லி அக்கா படிக்கட்டு’ என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எல்லாவற்றையும் தினேஷ் போனுக்கு அனுப்பிவிட்டேன்.

சொன்ன நேரம் காலை ஆறு. ஆறே கால் ஆகியும் ஆளைக் காணோம். “அவன் வரமாட்டான்மே, பஸ்ஸுக்குக் கெளம்பலாம்” என்று மாமியார் செருப்பை மாட்டினார். எட்டிப் பார்த்தேன். கீழே தினேஷ் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான்! “டேய் தினேஷ்” என்று தொண்டை வரை வந்துவிட்டது. கத்தினால் எல்லாம் போச்சு. வாயைப் பொத்திக்கொண்டேன். அவன் நின்றான். போனைப் பார்த்தான். தண்ணி டேங்கை அண்ணாந்து பார்த்தான். திரும்பினான். எங்கள் படிக்கட்டில் ஷூ சத்தம் கேட்டபோது ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன்.

“உங்க பேர் சொல்லுங்கம்மா” என்றான். “ஜெயா” என்றார் மாமியார். இரண்டு நிமிஷத்தில் ரத்தம் எடுத்தாயிற்று. ஆறரைக்கெல்லாம் மாமியார் கையில் டீ. ஒரு வாய் குடித்தார், கண்ணைத் துடைத்தார், என்னை முறைத்தார்: “இத்தினியூண்டு வேலைக்கா நானு இத்தினி வருசம் பசியோட ரெண்டு பஸ் மாறிகினு கெடந்தேன்? அந்த மேப்புல நம்ம ஊட்டுக்கு என் பேர எய்துமே!”

எழுதிவிட்டேன்: ‘ஜெயாம்மா வீடு, தண்ணி டேங்க் படிக்கட்டு, மூணாவது மாடி, கத்துவார், ஆனால் டீ கிடைக்கும்.’ நெட் இல்லாவிட்டாலும் வரலாம்.