ஒன்பது குறை

மகனின் வீட்டிலிருந்து பள்ளிவாசலுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. இடையில் வீடு விற்கும் பலகைகள் ஐந்து. இங்கிலாந்தின் இந்தச் சிறு நகரில் வீட்டை விற்பவர் வாசலில் பலகை நடுகிறார். ஆனால் விலையைப் பற்றி வாய் திறப்பதில்லை. வாங்க வந்தவரும் கேட்பதில்லை. இருவரும் ஒரே கூடத்தில் நின்று வானிலையைப் பற்றிக் கதைக்கிறார்கள். விலை பிறகு, ‘ஆஃபர்’ என்ற பெயரில், ஏஜென்டின் மின்னஞ்சலுக்குப் போகிறது.

இலங்கையில், சாய்ந்தமருதில் வீடும் கிணறுமாக இருந்த என் பதினான்கு பேர்ச் வளவை விற்றுத்தான் இங்கு வந்தேன். அந்தப் பணத்தோடு மகன் ரிஸ்வானின் சேமிப்பையும் சேர்த்து ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விடுவது எங்கள் எண்ணம். வட்டிக் கடன் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றதால், பார்த்த ஏழு வீடுகளில் கைக்கு எட்டியது ஒன்றே. அதன் வாடகை வந்தால் மருந்துக்கும் மீனுக்கும் நான் மகனின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஆகவே அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று என்னால் இயன்றதைச் செய்தேன். வீட்டுக்காரர் பீட்டர், என் வயதுக்காரர், பின்னால் வர, சுவரில் ஈரம், படி செங்குத்து, ஜன்னல் இறுக்கம் என்று என் ஆங்கிலத்தில் உரக்க எண்ணினேன். ஒன்பது குறை. ரிஸ்வான் இருமினான். தடிமன், சளியாக்கும் என்று நினைத்தேன்.

அன்றிரவே ரிஸ்வான் ஆஃபரை அனுப்பினான். மறுநாள் ஏஜென்ட் அழைத்தார். விலையில் பிரச்சினை இல்லையாம். எங்களுக்கு விற்கத்தான் பீட்டருக்கு விருப்பமில்லையாம்.

“ஆரு வாப்பா உங்கள வாயத் திறக்கச் சொன்ன?”

“குறை சொல்லாம எப்பிடி மகன் விலை குறையும்?”

“இஞ்ச ஆக்கள்ட மூஞ்சிக்கு முன்னால சொல்லப்படா. நீங்க வீடு பாக்கப் போனீங்களா, மாடு பாக்கப் போனீங்களா?”

கல்முனைப் புடைவைக் கடைக்காரர் ஒருவர் தரகரோடு என் வளவைப் பார்க்க வந்த நாள் நினைவுக்கு வந்தது. கேற்றைத் தாண்டுமுன்பே தொடங்கிவிட்டார். “பாதை ஒடுக்கம் ஹாஜியார். கிணத்துத் தண்ணியும் உவர்.”

“முப்பத்தி நாலு வருஷம் குடிச்ச நான் இன்னும் மவுத்தாகல்லியே,” என்றேன்.

தரகர் சிரித்தார். மூன்றாவது தேநீரில் விலை படிந்தது. எங்கள் பக்கம் வளவைப் புகழ்ந்துவிட்டுப் போகிறவர் திரும்பி வரமாட்டார். குறை சொல்லத் தொடங்கினால்தான் அவர் மனம் வைத்துவிட்டார் என்று தெரியும். ஆனால் அன்று அவர்கள் போனபின், கிணற்றில் ஒரு வாளி அள்ளி நான் குடித்துப் பார்த்தேன். அதை இதுவரை எவருக்கும் சொன்னதில்லை.

ஏஜென்ட் அழைத்த அன்றே, அசர் தொழுதுவிட்டுத் தனியாகப் போய்ப் பீட்டரின் கதவைத் தட்டினேன். எங்கள் ஊரில் விருப்பமில்லாத வீட்டுக்கு ஒருவரும் குறை சொல்வதில்லை என்று சொன்னேன். “நான் ஒன்பது சொன்னேன். அவ்வளவு விருப்பம்.”

அவர் கதவை அகலத் திறந்தார். பிறகு, “பதினொன்று,” என்றார். உள்ளே அழைத்து, நான் தவறவிட்ட இரண்டையும் காட்டினார்: மழைக்கு உப்பி மூட மறுக்கும் பின்கதவு; அவரே கோணலாகப் பதித்த தரை ஓடு. “அதை மாற்றும்படி மனைவி இருபது வருடம் சொன்னாள்,” என்றார். நான் விலை பேசவில்லை. வானிலையைப் பற்றிக் கதைத்தோம். மூன்றாம் நாள், எங்கள் ஆஃபரை அவர் ஏற்றுக்கொண்டதாக ஏஜென்ட் சொன்னார்.

வீடு கைக்கு வந்ததும் வாடகைக்குக் கேட்டு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அறைக்கு அறை ‘லவ்லி’ என்றார்கள். பதினாறு தடவை. இவர்கள் வரப்போவதில்லை என்று ரிஸ்வானிடம் சொன்னேன். அன்று மாலையே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் குடிவருமுன் திருத்த வேண்டியவற்றை எழுதித் தரும்படி மகன் கேட்டான். எழுதிக் கொடுத்தேன். வாசித்துக்கொண்டு போனவன் பன்னிரண்டாவதில் விரலை வைத்தான்.

“இது எங்க வாப்பா இரிக்கி?”

கிணற்றுத் தண்ணீர் உவர் என்று எழுதியிருந்தேன். அந்த வீட்டில் கிணறு இல்லை.