மீசை எடுத்த படம்

படத்தைத் திறந்த அன்று பெரியவர் இருந்தார். அவர் வீட்டம்மா இருந்தார். சவூதியிலிருந்து லீவில் வந்த மகன் இருந்தார். நான் இருந்தேன். வேறு ஆள் இல்லை.

நான் நாடகத்துக்கு சீன் துணி வரைகிறவன். அரண்மனை, காடு, தெரு வரைவேன். படித்தது அஞ்சாவது. கீரமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர்த் திருவிழாவில் வருசா வருசம் நாடகம் வைப்பது அந்தப் பெரியவர்தான். இந்த வருசம் அவர் படத்தை மேடையில் மாட்ட வேண்டும் என்று ஊரில் பேசினார்கள். வரையும் வேலையை மகன் என்னிடம் கொடுத்தார்.

மகன் சொன்னபடி சிங்கக்கை நாற்காலி போட்டேன். விரலில் மோதிரம் போட்டேன். மீசையை நானாக வைத்தேன். சீன் துணியில் பெரிய மனுசன் என்றால் மீசை உண்டு. கை தானாகப் போய்விட்டது. பெரியவருக்கு மீசை கிடையாது.

அவர் கிட்டப் போய்ப் பார்த்தார்.

“யாருப்பா இது? எங்க மாமனாரா?”

வீட்டம்மா சிரித்தார். மகன் சிரிக்கவில்லை.

“இருக்கட்டும்ப்பா. பாக்கக் கம்பீரமா இருக்கு.”

“இத மாட்டுனா நான் மேடப் பக்கமே வரமாட்டேன்.”

சத்தம் போடாமல்தான் சொன்னார். நாடகத்துக்கு இரண்டு நாள் இருந்தது. அவர் வராமல் எங்கள் ஊரில் நாடகம் தொடங்கியதில்லை.

விவரம் வீட்டம்மா சொன்னார்.

“வயசுல இவுக குறத்தி வேசம் கட்டுனவுக. தெனக்கொல்லையில கிளி வெரட்டுற குறத்தி. அப்பச் செரச்ச மீசை, பெறகு வைக்கவே இல்ல. என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப, சேல மடிப்பு சரியில்லன்னு சொன்ன ஆளு.”

“சரியில்லதானே?” என்றார் பெரியவர்.

“சேல கட்டுனத இப்ப ஊருக்குச் சொல்லணுமாப்பா?” என்றார் மகன்.

“ஊரு பாத்துத்தானடா கை தட்டுச்சு.”

மகன் படத்து மீசையைக் கையால் மறைத்துப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அழிச்சிருங்கண்ணே.”

நாற்காலி போய்ப் பரண் வந்தது. மோதிரம் போய்க் கையில் கவண் வந்தது. வேட்டி சட்டை அப்படியே. பின்னால் தினைக்கொல்லை. நாடகம் வைத்த வருசத்துக்கு ஒரு கிளி போடச் சொல்லி, எண்ணிக்கையைப் பெரியவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மீசைக் கறுப்பு லேசில் போகவில்லை. மூன்று தடவை பூசினேன்.

நாடகத்தன்று மகன் ஏணியைப் பிடித்தார். நான் மாட்டினேன். பெரியவர் வந்து முன்னால் உட்கார்ந்தார். வீட்டம்மா விரலை நீட்டிக் கிளிகளை எண்ணினார்.

“ஏங்க, ஒண்ணு கூட இருக்கே. கொரோனா வருசம் நாடகம் நடக்கலையே.”

“நம்ம வாசல்ல நடந்துச்சுல்ல? நான் பாடுனேன், நீ பாத்தே.”

“பாதியில தூங்கிட்டேன்.”

“பாதி பாத்தீல்ல? கணக்குத்தான்.”

வீட்டம்மா மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார்.

முப்பத்தொன்று.