கடலுக்குத் தைத்த தலையணைகள்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ஓட்டல், செங்கல் சூளை, இறால் பண்ணை, போர்வெல் வண்டி என்று போய்க்கொண்டே இருந்தேன். ஓர் இடம் பிடிக்கவில்லையென்றால் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். யாரும் என்னைத் தடுத்ததில்லை. செலியமேட்டில் ஒரு குப்பைக் குவியல் தடுத்தது.

அந்த மார்கழியில் வில்லியனூரில் ஒரு மெத்தைக் கடையில் இலவம்பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேன். திருச்செங்கோட்டிலிருந்து ஒரு போர்வெல் வண்டி பொங்கல் முடிந்ததும் சத்தீஸ்கர் கிளம்புவதாக இருந்தது. அதில் எனக்கு ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார் வண்டியின் டிரைவர். காணும் பொங்கலுக்கு மறுநாள் அங்கே போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் ஏறிக்கொள்வான். வண்டி போய்விட்டால் அடுத்த மழைக்காலத்தில்தான் ஊர் திரும்பும். அதுவரை அந்தச் சின்ன அறையில் மூக்கில் துணி கட்டிக்கொண்டு பஞ்சு அடைப்பதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

கடலில் எண்ணெய் கொட்டிய சேதி அப்போதுதான் வந்தது. எந்தக் கப்பல், எங்கே கொட்டியது என்று கடைசிவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பாகூருக்குக் கிழக்கே மீனவர் குப்பங்களின் கரையில் கரிய குழம்பாக ஒதுங்கிக்கொண்டிருந்தது. ரசாயனம் தெளிக்கக் கூடாது, செடிகொடியிலிருந்து கிடைக்கும் பொருளை வைத்தே எண்ணெயை உறிஞ்ச வேண்டும் என்று மேலே முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பொருளைச் சேர்த்துக் கொடுக்கும் வேலை எங்கள் கடைக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருந்த வியாபாரிக்குக் கிடைத்தது. அவர் வந்து மெத்தைக் கடையின் பஞ்சு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டார். அடைக்கத் தெரிந்த ஆள் என்று என்னையும் கூட்டிப் போனார்.

வேலை நடந்த இடம் பாகூர் பக்கத்துச் செலியமேட்டில் ஒரு விவசாயியின் களம். வயலை ஒட்டிய சிமெண்ட் களம், நெல் காயவைக்கக் கட்டியது. அறுப்புக்கு இன்னும் நாள் இருந்ததால் சும்மா கிடந்தது. விதையும் உரமும் வியாபாரியின் கடையில்தான் வாங்குகிறவர் என்பதால் விவசாயியால் மறுக்க முடியவில்லை. வெங்காயம் வரும் வலைச் சாக்குகளை ஒன்றோடொன்று தைத்து, வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளிலிருந்து வந்த கரும்புச் சக்கையை உள்ளே நிரப்பி, நடுவில் இலவம்பஞ்சை வைத்து, ஆள் நீளத்துக்குத் தலையணை செய்தோம். தைத்தவர்கள் நடவுக்குப் போகிற பெண்கள்.

"கடலுக்கு எதுக்குபா தலைகாணி? படுத்துத் தூங்கப் போவுதா?" என்றார் ஒருவர்.

"தூங்கட்டுமே. என் வூட்டுக்காரரு மாதிரி ராவெல்லாம் கத்திக்கினு கெடக்குதில்ல," என்றார் இன்னொருவர். களமே சிரித்தது.

முதல் லோடு ஏற்றும்போது அந்தப் பக்கத்து வழக்கப்படி எல்லாம் நடந்தது. உமியோ சக்கையோ வண்டியில் ஏற்றினால் மேலே குடம் குடமாகத் தண்ணீர் தெளிப்பார்கள். இல்லையென்றால் தூசு கண்ணில் அடிக்கும், ரோட்டில் பின்னால் பைக்கில் வருகிறவன் திட்டுவான். யாரும் சொல்லாமலே பெண்கள் தெளித்தார்கள். வியாபாரியும் நின்று பார்த்தார், நானும் பார்த்தேன். தூசு அடங்கியது நல்லது என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது.

ஆற்று முகத்துவாரத்தில் படகுக்காரர்கள் தலையணைகளைக் கயிற்றில் கட்டி வரிசையாக மிதக்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பாதி தலையணைகள் அமிழ்ந்தன. சக்கை ஏற்கெனவே தண்ணீர் குடித்து உப்பியிருந்தது, எண்ணெய்க்கு அதில் இடமில்லை. நடுவில் இருந்த பஞ்சு மட்டும் தண்ணீரைச் சீண்டாமல், எட்டிய அளவுக்கு எண்ணெயைப் பிடித்திருந்தது. மீதி எண்ணெய் மிதந்த வரிசையைத் தாண்டி ஆற்றுக்குள் போய்விட்டது.

"இன்னாடா இது, ஊற வச்சி எட்த்துக்கினு வந்துக்கீறீங்க? கடல்ல தண்ணி இல்லன்னு நெனச்சிட்டீங்களா?" என்று படகிலிருந்து ஒருவர் கத்தினார். அவர் வலையெல்லாம் பிசுபிசுவென்று நாறிக்கொண்டிருந்தது.

அடுத்த லோடுக்குச் சக்கையை ரோட்டில் பரப்பி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்தோம். பெண்கள் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு இருமிக்கொண்டே ஏற்றினார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. இந்த முறை தலையணைகள் வெளுப்பாகப் போய் கருப்பாகத் திரும்பின. கையில் அழுத்தினால் எண்ணெய் வழிந்தது, அவை மிதந்த இடத்தில் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது. நான் செய்த வேலைகளில் கண்ணெதிரே பலன் தெரிந்த வேலை அதுதான்.

ஊறிய தலையணைகளை எங்கே கொண்டுபோவது என்று யாரும் யோசித்திருக்கவில்லை. கரையில் போடக் கூடாது என்று குப்பத்தார் சண்டைக்கு வந்தார்கள். சக்கை ஏற்ற வந்த டிராக்டரிலேயே எல்லாம் மறுபடி களத்துக்கு வந்தது, முதல் லோடின் தண்ணீர் குடித்த மூட்டைகளும் சேர்த்து. தார்ப்பாய் விரித்து அதன்மேல் குவித்தோம். வேலைக்கு வந்தவர்கள் கலைந்தார்கள். "ரெண்டே நாள். லாரி வந்து எட்த்துக்கும்," என்றார் வியாபாரி. ஏற்றிவிட ஆள் வேண்டும் என்று என்னைக் குவியலோடு விட்டுவிட்டு அவரும் போய்விட்டார்.

ரெண்டு நாள் கழித்தும் லாரி வரவில்லை. வியாபாரி போனை எடுத்தார், மரியாதையாகப் பேசினார், லாரி கிளம்பிவிட்டது என்றார். தினமும் கிளம்பிக்கொண்டே இருந்தது. விவசாயியால் அவரிடம் சத்தம் போட முடியாது, அடுத்த பட்டத்து விதைக்கும் அந்தக் கடை வாசலில்தான் நிற்க வேண்டும். அவர் கைக்கு எட்டியவன் நான் ஒருவன்தான். அவர் என்னைத் திட்டவில்லை. சாப்பிடக் கூப்பிட்டு உட்காரவைத்து, என் பையை எடுத்து உள்ளே கொண்டுபோனார்.

"வெளில கெடந்தா நாய் இழுத்துக்கினு பூடும் தம்பி. நெல்லு ரூம்ல இருக்கட்டும்."

நெல் ரூமுக்குப் பூட்டு உண்டு. பையில் என் ஆதார் அட்டை இருந்தது. அது இல்லாமல் போர்வெல் வண்டியில் ஏற்ற மாட்டார்கள், வழியில் போலீஸ் கேட்பான் என்பதால். இதை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியதும் இல்லை, பை என்றால் பைதான்.

களத்தின் ஓரத்தில் மோட்டார் கொட்டகையில் படுத்தேன். வேளாவேளைக்குச் சோறு வந்தது. குழம்பும் பொரியலும் நன்றாகவே இருந்தன. விவசாயியின் மனைவி சோறு போட்டுக்கொண்டே சொல்வார், "எங்க வூட்டுக்கு மாப்ள வந்தாகூட இத்தினி நாள் தங்க மாட்டாரு. நீ நல்லா சாப்டுபா, லாரி எங்க பூடப் போவுது."

"நான் வில்லியனூர் போயி அவர நேர்ல பாத்துட்டு வந்துடறேங்க்கா."

"போயிட்டு வா. யாரு வேணான்னது? பைய இங்க வச்சிட்டுப் போ."

ஒரு நாள் போனேன். உரக்கடையில் வியாபாரி டீ வாங்கிக் கொடுத்தார், மேலே கையெழுத்து ஆகவில்லை என்றார். மேலே என்றால் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. திரும்பி பாகூரில் பஸ் இறங்கியபோது டீக்கடைக்காரர், "இன்னாபா, எண்ணெ போயிடுச்சா?" என்றார். மளிகைக் கடையிலும் அதையே கேட்டார்கள். எனக்கு யாரும் காவல் போடவில்லை. ஆனால் அந்த ஊரில் எல்லோருக்கும் என்னைத் தெரிந்திருந்தது, பெயரில்லாமல். எண்ணெய்க்காரன்.

போகிக்கு முந்தின நாள் தெருப் பிள்ளைகள் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பழைய பாயும் கிழிந்த முறமும் கொளுத்துகிறவர்களுக்கு இது பெரிய புதையல். விவசாயியின் மனைவிக்கே அந்த யோசனை பிடித்துவிட்டது. "ஒரு குச்சி கிழிச்சா தீந்துச்சு. போகியோட போகியா போவட்டும்."

"கொளுத்துவடி. பக்கத்துல கதிரு காஞ்சி நிக்குது, அதுவும் சேந்து போவும்," என்றார் விவசாயி. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, இன்னிக்கு எங்கியும் போயிடாத," என்றார்.

போகமாட்டேன் என்பது அவருக்கும் தெரியும். விடியும்போது ஊர் முழுக்கப் புகை. நான் கையில் ஒரு தடியோடு குவியலுக்கும் தெருவுக்கும் நடுவில் நின்றிருந்தேன். பிள்ளைகள் தப்படித்துக்கொண்டே தூரத்திலிருந்து என்னைக் கிண்டல் செய்தார்கள்.

பொங்கல் வந்தது. எனக்கும் இலை போட்டார்கள். மாட்டுப் பொங்கலன்று விவசாயி வயலில் இறங்கி, கதிரைப் பிடித்துக் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு வந்தார். அறுப்பு மிஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. களத்தின் நடுவில் நின்று மூக்கை உறிஞ்சினார். வெயிலில் எண்ணெய் இளகி, தார்ப்பாயின் மடிப்பு வழியாக சிமெண்டில் இறங்கத் தொடங்கியிருந்தது.

"நெல்லுல டீசல் வாசன அடிச்சா எவன் வாங்குவான் சொல்லு," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசிவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு போயிருப்பேன்.

காணும் பொங்கலன்று திருச்செங்கோட்டு டிரைவர் போன் செய்தார். நாளை மத்தியானம் வண்டி நகர்கிறது, காலையில் வந்துவிடு என்றார். வந்துவிடுகிறேன் என்றேன். மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து நெல் ரூமின் பூட்டைப் பார்த்தபடியே சொன்னேன்.

மறுநாள் காலையில் லாரி வந்தது. நம்பவே முடியவில்லை. மூச்சு வாங்க வாங்க எல்லோருமாக ஏற்றினோம். விவசாயி, அவர் மனைவி, தைத்த பெண்களில் வந்தவர்கள், நான். தண்ணீர் குடித்த மூட்டைகள் பிணக் கனம் கனத்தன. ஏற்றி முடித்ததும் விவசாயியின் மனைவி நெல் ரூமைத் திறந்து பையைக் கொண்டுவந்தார். மேலே ஒட்டியிருந்த பதரைத் தட்டிவிட்டுக் கொடுத்தார். இப்போது கிளம்பினால் விழுப்புரம் போய் பஸ் பிடித்துவிடலாம், டிரைவரிடம் கொஞ்சம் நிற்கச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

லாரிக்காரர் வண்டியை எடுக்காமல் நின்றார். "கூட வர்றது யாரு?"

"இன்னாத்துக்கு?" என்றார் விவசாயி.

"சரக்கோட ஆள் வரணும். கழிவு எடுக்கற யார்டுல ஆள் இல்லாத லோட உள்ள விட மாட்டான். நான் வெறும் வண்டிக்காரன், இது இன்னான்னு கேட்டா எனக்கு இன்னா தெரியும்? ஆள் இல்லன்னா எறக்கிடுங்க, நான் கெளம்பறேன்."

வியாபாரிக்குப் போன் போட்டோம். லைன் பிஸி. தூரத்தில் ரோட்டிலிருந்து அறுப்பு மிஷின் வயலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பெண்கள் என்னைப் பார்த்தார்கள். விவசாயி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தார்ப்பாய் கிடந்த இடத்தைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

பை என் தோளில் இருந்தது. பஸ் நிறுத்தம் கூப்பிடு தூரம். என்னை யாரும் பிடிக்கவில்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. போயிருக்கலாம். இறக்கிய மூட்டைகளை அவர்கள் மறுபடி அதே களத்தில் வைத்திருப்பார்கள், மிஷின் வரப்பில் நின்றிருக்கும், அவ்வளவுதான். நான் பாட்டுக்கு சத்தீஸ்கரில் பாறையைத் துளைத்துக்கொண்டிருந்திருப்பேன்.

லாரிக்காரர் கேபினில் எனக்கு இடம் தரவில்லை, லுங்கியெல்லாம் எண்ணெய். மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தேன். விவசாயியின் மனைவி டிபன் அடுக்கில் சோறு கட்டி மேலே தூக்கி நீட்டினார். "புடிபா. அடுக்க திருப்பிக் குடுக்கலன்னாலும் பரவால்ல." வண்டி நகர்வதற்குள் விவசாயி சோப்புத் தூளும் தென்னந்துடைப்பமும் எடுத்து சிமெண்டைத் தேய்க்கத் தொடங்கியிருந்தார்.

திருச்செங்கோடு மேற்கே. நாங்கள் வடக்கே போனோம். டிரைவருக்கு நானே போன் செய்து, எனக்காக நிற்க வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. சரி என்று வைத்துவிட்டார். பக்கத்தில் வேறு யாருடைய பேச்சோ கேட்டது, என் இடத்துக்கு ஆள் வந்திருக்க வேண்டும்.

யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேட் சாத்தியிருந்தது. பொங்கல் லீவு, திங்கள்கிழமைதான் திறக்கும் என்றார் காவலாளி. லாரிக்காரர் சலித்துக்கொள்ளவில்லை. சட்டையைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, பாயை எடுத்து வண்டிக்கு அடியில் விரித்தார். "ஓரமா நிறுத்திக்கறோம் அண்ணே," என்று காவலாளியிடம் சொன்னார். நான் மேலேயே உட்கார்ந்து அடுக்கைத் திறந்தேன். கை கழுவத் தண்ணீர் இல்லை.