கையெழுத்துப் போட்டால் மேசை போகும்

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு காது கேட்காமலே பள்ளிப் படிப்பை முடித்தாள். "பொம்பளைக்கு ஸ்குரூ பிடிக்கத் தெரியுமா?" என்று சிரித்த செல்போன் பழுதுபார்க்கும் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்து, தனக்கென்று ஒரு மேசையும் பெற்றாள். அங்கே உட்கார்ந்தபடியே கிரிப்டோ என்கிற இணையக் காசு விவகாரத்தைத் தானாகக் கற்றுக்கொண்டாள். அதை வாங்கி விற்கிறவர்களின் இணையக் குழுவில் 'கடுகு' என்ற பெயரில் அவள் சொன்னால் பெரிய பெரிய ஆட்கள் கேட்பார்கள். அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது.

கிரிப்டோ சந்தைக்குச் சட்டம் வேண்டுமா என்று அரசாங்கம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டதும் குழுவில் குடுமிப்பிடிச் சண்டை. வேலை முடிந்து வந்து, தட்டில் சோறு காய, அவள் பதில் எழுதிக்கொண்டிருப்பாள்.

"போதும்மா, சாப்பிடு."

"இருண்ணா. ஒருத்தன் சட்டமே வேண்டாங்கறான், ஒருத்தன் அடியோட தடை பண்ணுங்கறான். நடுவுல நின்னா ரெண்டு பக்கமும் அடி."

அப்போதுதான் பக்கத்துத் தெருத் தையல்காரர் கடைக்கு வந்தார். கிரிப்டோ காசு அனுப்பும் முகவரி, எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருக்கும். முதல் நாலு எழுத்தும் கடைசி நாலு எழுத்தும் சரியா என்று மட்டும் பார்ப்பது குழுவினர் வழக்கம். எவனோ இரு முனையும் ஒத்துப்போகிற முகவரி ஒன்றைச் செய்து, இவர் போனில் புகுத்திவிட்டான். இவர் அதற்கே அனுப்ப, சேமிப்பெல்லாம் அவனுக்குப் போய்விட்டது.

"போலீஸ்ல யார் மேல புகார்னு கேக்கறாங்கம்மா. எனக்கென்ன தெரியும்? குழுவுல கடுகுன்னு ஒருத்தர், ரெண்டு முனையைப் பாத்தா போதும்னாரு. அந்த ஆளைத்தான் தேடறேன்."

அவள் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தாள். "அது நான்தாங்க" என்றாள். அவர் திட்டக்கூட இல்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் அரசுக்குக் கருத்து எழுதினாள். கிரிப்டோ விற்கும் கடையும், அதற்கு யோசனை சொல்லும் ஆளும் பெயர், விலாசத்தோடு பதிவு செய்யவேண்டும் என்று. பெயரில்லாத கருத்தை ஏற்கமாட்டார்கள்.

கல்லாவுக்குப் பின்னால் அதே காசை விற்றுக் கமிஷன் பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "பேரைப் போட்டே, நாளைக்கு இந்த மேசை உனக்கில்ல. அரசாங்கம் மட்டும் என்ன உத்தமனா?"

"இல்லதான் முதலாளி. ஆனா அந்தத் தையல்காரர் போய்த் தட்டறதுக்கு ஒரு கதவாவது வேணுமில்ல?"

"உனக்கெதுக்கும்மா ஊர் வம்பு?"

"ஊர் வம்பா? நான் சொல்லித்தானே அவர் செஞ்சாரு."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அசதியா இருக்குண்ணா. வேற கடை தேடணும்" என்றாள். பேனா கேட்டாள், கொடுத்தேன்.

கிரிப்டோ பற்றித் தான் எழுதியதன் கீழே என் தங்கை முதன்முதலாகச் சொந்தப் பெயரில் கையெழுத்திட்ட நாள்: 2023 அக்டோபர் 9, திங்கட்கிழமை.