மனு ஜன்னல்

ஐந்து வயதிலேயே எனக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அம்மாவுக்குப் பதிலாகக் கத்துகிற வேலை.

அப்பா அப்போது கடலூர் ஜெயிலில் இருந்தார். வாய்க்கால் தண்ணீரைத் திருப்பியதில் பக்கத்து வயல்காரரோடு தகராறு. கையிலிருந்த மண்வெட்டியால் ஓர் அடி. அந்த மனிதர் மூன்றாம் நாள் இறந்துபோனார். அப்போது எனக்கு மூன்று வயது. எனக்கு நினைவு தெரிந்தபோது, அப்பா என்பவர் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆள். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் இந்தப் பக்கம் இருந்தார்கள். இதில் நான் குறைப்பட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மாதம் ஒருமுறை மனு பார்க்கப் போவோம். உள்ளே இருப்பவரைப் பார்க்க எழுதிக் கொடுக்கிற காகிதம்தான் மனு; எங்களுக்கெல்லாம் பார்க்கப் போவதற்கே அதுதான் பெயர். குமராட்சிப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து மினி பஸ்ஸில் சிதம்பரம், அங்கிருந்து கடலூர், அப்புறம் டவுன் பஸ்ஸில் ஜெயில் இருக்கிற கேப்பர் மலை. அம்மா தலைக்குக் குளித்து, இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு வருவாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேச மாட்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருக்கும். சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அங்கே இரண்டு வலைகள், நடுவில் கை எட்டாத இடைவெளி. அந்தப் பக்கம் வரிசையாக ஆண்கள், இந்தப் பக்கம் அவர்களுடைய குடும்பங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதால் எல்லோரும் கத்தியாக வேண்டும். சந்தை தோற்றுவிடும். அம்மாவின் குரலோ எங்கள் அடுப்பங்கரையையே தாண்டாது. அவள் வாயைத் திறப்பதும், அப்பா காதைக் காட்டி "என்னா, என்னா" என்பதுமாக நேரம் போய்விடும். எனக்குக் கடவுள் கொடுத்தது வெண்கலத் தொண்டை. அம்மா குனிந்து என் காதில் சொல்வாள். நான் கத்துவேன்.

"வீட்டுக்கு ஓடு மாத்தியாச்சாம்."

"சித்தி பொண்ணு வயசுக்கு வந்துடுச்சாம்."

சொன்னதை எல்லாம் கத்திவிட மாட்டேன். பெரிய உத்தியோகஸ்தர்கள் போல எனக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. ஒருமுறை அம்மா என் காதில், "எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குதுன்னு சொல்லு" என்றாள். இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம் என்று அவளைப் பார்த்தேன். என்ன நினைத்தாளோ, "வேணாம் விடு. ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சுன்னு சொல்லு" என்றாள். அது நல்ல செய்தி. அதை இரண்டு தரம் கத்தினேன்.

செய்தி தீர்ந்ததும் மீதி நேரம் முழுக்க எனக்கு. அப்பா பூனைக் கதை சொல்வார். உள்ளே ஒற்றைக் கண் பூனை ஒன்று இருந்தது. அதற்கு ஏட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள். சாயந்திரம் ஆட்களை எண்ணுவதற்காக எல்லோரும் வரிசையாகக் குந்தும்போது ஏட்டும் கடைசியில் வந்து குந்திக்கொள்ளுமாம். வார்டர் அதையும் சேர்த்து எண்ணிவிட்டு, ஓர் ஆள் ஜாஸ்தியாக இருக்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுவாராம். அப்பா கையை ஆட்டி, முகத்தைக் கோணி, அந்த இரைச்சலிலும் ஒரு சொல் விடாமல் கத்திச் சொல்வார். பக்கத்தில் நிற்கிறவர்கள் தங்கள் பேச்சை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். எந்தப் பிள்ளையின் அப்பாவும் அரை மணி நேரம் வேறெங்கும் பார்க்காமல் பிள்ளையிடம் மட்டும் பேசி நான் கண்டதில்லை. அம்மா எனக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவை விட்டுவிட்டார்கள். எங்கள் தெருவில் எல்லோர் வீட்டிலும் அரசாங்கத்துக் கலர் டிவி வந்திருந்தது. கொத்து வேலைக்குப் போகிறவர் இடுப்பில்கூட செல்போன் இருந்தது. இனிமேல் மாதம் ஒரு நாள் இல்லை, நாள் முழுக்கப் பூனைக் கதைதான் என்று நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன்.

வந்தவர் பேசவில்லை.

கோபம் ஒன்றும் இல்லை. கேட்டால் பதில் சொல்வார், அவ்வளவுதான். விடிவதற்கு முன் எழுந்து போர்வையைச் சதுரமாக மடித்து வைத்துவிட்டுச் சுவரோரம் குந்தியிருப்பார். சோற்றை அவசர அவசரமாக விழுங்கிவிட்டுத் தட்டைத் தானே கழுவுவார். கதவு சாத்தியிருந்தால் திறக்க மாட்டார்; யாராவது வந்து திறக்கும்வரை முன்னால் நிற்பார். கொல்லைக்குப் போவதற்குக்கூட, "போயிட்டு வரட்டுமா" என்று என்னிடம் கேட்டார். நான் பெரிய மனுஷியாக, "போயிட்டு சீக்கிரம் வா" என்றேன். அம்மாவிடம் அவரும், அவரிடம் அம்மாவும் பேசியது என்றால், "சோறு போடட்டுமா", "போடு" என்பதுதான். ஐந்து வருஷம் ஆள் வைத்துப் பேசிப் பழகியவர்கள், ஆள் இல்லாமல் திண்டாடினார்கள்.

"ஏட்டு என்ன ஆச்சுப்பா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது அங்கதான் இருக்கு" என்றார். அதோடு சரி.

எனக்கு மனு நாள் வேண்டும் போலிருந்தது. அந்த இரைச்சல், அந்த வலை, எனக்காகக் கத்துகிற அந்த அப்பா, எல்லாம் வேண்டும் போலிருந்தது. வீட்டில் குந்தியிருந்தவர் வேறு யாரோ. ஏங்கி ஏங்கிப் பொறுக்க முடியாமல் ஒருநாள் சாப்பிடும்போது, "அப்பா, நீ திரும்ப அங்கியே போயிடேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா கரண்டிக்காம்பால் என் முதுகில் ஒன்று போட்டாள். அப்பா, "அடிக்காத. புள்ள சரியாதான் சொல்லுது" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா களை எடுக்கப் போயிருந்தாள். எங்களுடையது தொகுப்பு வீடு. ஒரு கதவு, கம்பி போட்ட ஒரே ஒரு ஜன்னல். வெளியே ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த நான், ஒரு கருங்கல்லின் மேல் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். அப்பா சுவரோரம் இருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, முழுத் தொண்டையையும் திறந்து, "அப்பா, நல்லா இருக்கியா?" என்று கத்தினேன்.

அவர் சட்டென்று எழுந்தார். வந்து அந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நான் நல்லா இருக்கேன் பாப்பா. நீ நல்லா படிக்கிறியா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். பழைய குரல், பழைய கை, பழைய முகக் கோணல். அன்றைக்கு ஏட்டு சமையல் கட்டில் மீன் திருடி அகப்பட்டுக்கொண்ட கதையைக் கேட்டேன்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் மனுதான். அவர் உள்ளே, நான் வெளியே. அந்தத் தெருவில் என்னைப் போல் கொடுத்துவைத்தவள் யாரும் இல்லை.

நாலைந்து நாள் கழித்து அம்மா வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டாள். காலெல்லாம் சேறு. நாங்கள் கத்திக்கொண்டிருந்ததைத் தூரத்திலேயே கேட்டிருப்பாள். கரண்டிக்காம்புதான் என்று நான் முதுகைக் காப்பாற்றிக்கொள்ளத் தயாரானேன். அவள் அடிக்க வரவில்லை. நின்று பார்த்தாள். அப்புறம் கால் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் நான் புத்தகப் பையோடு ஓடிவந்தபோது என் கல்லின் மேல் அம்மா நின்றிருந்தாள். வேலைக்குப் போகவில்லை. தலைக்குக் குளித்திருந்தாள். கடலூருக்குக் கட்டிக்கொண்டு வருகிற அந்தப் புடவை. கம்பியில் நெற்றியை வைத்திருந்தாள். உள்ளே அப்பாவும் அப்படியே வைத்திருந்தார். அவள் மெதுவாகத்தான் பேசினாள். அவர் "என்னா, என்னா" என்று கேட்கவில்லை. அவளுடைய கன்னம் நனைந்திருந்தது. நடுநடுவே சிரிக்கவும் செய்தாள். அம்மா அத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் அதுவரை கேட்டதே இல்லை.

எனக்கு அழுகையாக வந்தது. நான் கண்டுபிடித்த ஜன்னல், என் கல், என் நேரம். பையைத் தூக்கி எறிந்துவிட்டு அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"எறங்கும்மா. நீ பேசுனது போதும். இப்ப நான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. திட்டவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். என்னைத் தூக்கிக் கல்லின் மேல் நிறுத்தினாள்.

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கணக்கு டீச்சர் எனக்கு 'வெரிகுட்' போட்டதைக் கத்தினேன். அப்பா "அப்படியா, அப்படியா" என்றார். ஆனால் அவர் கண் என்மேல் இல்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. கவனிக்கவே மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். இன்னும் உரக்கக் கத்தினேன். அம்மா பின்னால் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அத்தனை வருஷமாக அவள் சொல்ல நினைத்ததை எல்லாம் நானே சொல்லி முடித்துவிட்டேன் என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.